தாய்லாந்துக்காரர் பேசும் ஆங்கிலத்தில் சொல்லின் வால் ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி இது: "பாங்காக்கில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அங்கே பிள்ளைகள் பஸ்ஸை 'பட்' என்கிறார்களாம். நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோலச் சொல்கிறார்களாம். பன்மைக்கு 'எஸ்' போடுவதே இல்லையாம். திருத்தினாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது என்கிறார்கள். இதற்கு அவர்களுடைய தாய்மொழி எவ்வளவு தூரம் காரணம்? எதிலிருந்து தொடங்குவது?"

தமிழில் 'தாய் மொழி' என்று எழுதினால் தாய்லாந்தின் மொழியா, பெற்ற தாயின் மொழியா என்று குழம்பும். அதனால் கீழே எங்கும் 'தாய்லாந்து மொழி' என்றே எழுதுகிறேன்.

பெருமளவுக்குக் காரணம் தாய்மொழிதான். ஆனால் 'தாய்மொழி குறுக்கிடுகிறது' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட்டால் வகுப்பில் ஒன்றும் மாறாது. எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்று தெரிய வேண்டும். இங்கே அந்த இடம் சொல்லின் கடைசி. ஆங்கிலம் தன் இலக்கணத்தில் பெரும்பகுதியைச் சொல்லின் வாலில் கட்டி வைத்திருக்கிறது. தாய்லாந்து மொழியோ சொல்லின் வாலைத்தான் இறுக்கி மூடுகிறது. இந்த மோதல் புரிந்துவிட்டால், நீங்கள் கேள்விப்பட்ட மூன்று குறைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருவது தெரியும்.

தாய்லாந்துப் பிள்ளை எழுத்துக்கூட்டப் பழகும் வயதிலேயே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறது: மே கொக், மே கொட், மே கொப், மே கொங், மே கொன், மே கொம், மே கெய், மே கெவ். 'மே' என்றால் அம்மா. அசையின் இறுதியில் வரக்கூடிய க், ட், ப், ங், ன், ம், ய், வ் என்ற எட்டு ஒலிகளுக்கு எட்டு அம்மாக்கள். அந்த மொழியில் 44 மெய்யெழுத்துகள் இருக்கின்றன. ஆனால் எழுத்தில் எது நின்றாலும் ஒலியில் இந்த எட்டில் ஒன்றாகத்தான் முடியும். இறுதியில் ஸ, ச, த, ட என எது வந்தாலும் மே கொட் வீட்டுக்குப் போய் 'ட்' ஆகிவிடும். ல, ர, ன மூன்றும் மே கொன் வீட்டில் 'ன்' ஆகிவிடும். இதில் க், ட், ப் மூன்றையும் வெடிக்க விடுவதும் இல்லை. நாக்கோ உதடோ போய் ஒட்டியதும் ஒலி அப்படியே நின்றுவிடும்.

இப்போது அவர்கள் வாயில் வழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பாருங்கள். ஆபீஸ் 'ஓப்-ஃபிட்' ஆகிறது, டென்னிஸ் 'தென்-நிட்' ஆகிறது. உணவகத்தில் பில் கேட்பது 'செக் பின்'. ஃபுட்பால் 'ஃபுட்-பொன்', ஆப்பிள் 'ஏப்-பென்'. இவற்றில் எதுவும் கவனக்குறைவால் வந்ததில்லை. ஒன்றாம் வகுப்பில் படித்த விதியைப் பிசகாமல் கடைப்பிடித்ததன் விளைவு. மாணவனிடம் 'சரியாகச் சொல்' என்று பத்து முறை சொன்னாலும் அவன் காதுக்கு அவன் சொன்னது சரியாகவே கேட்கும்.

நமக்கும் இதே சிக்கல் உண்டு, தீர்வுதான் வேறு. வல்லின மெய் சொல்லுக்கு இறுதியில் வராது என்பது தமிழின் பழைய விதி. அதனால் நாம் ஓர் உகரத்தை ஒட்டி 'பஸ்ஸு', 'புக்கு', 'பேங்க்கு' என்கிறோம். நம் வழியில் மெய் பிழைத்துக்கொள்கிறது, அசை ஒன்று கூடுகிறது. அவர்கள் வழியில் அசை எண்ணிக்கை மாறுவதில்லை, மெய் தொலைந்துவிடுகிறது. கேட்கிற ஆங்கிலேயருக்கு 'பஸ்ஸு' புரிந்துவிடும். 'பட்' என்பது வேறொரு சொல்லாகவே கேட்கும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. தாய்லாந்து மொழி அசையின் இறுதியில் ஒரே ஓர் இருக்கைதான் உண்டு. 'ஐ' என்ற ஒலி அவர்களுக்கு 'அ'வும் 'ய்'யும் சேர்ந்தது. அந்த 'ய்' ஏற்கெனவே இருக்கையில் உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு இன்னொரு மெய்க்கு இடமில்லை. ஆகவே ஃபைவ், ஃபைல், ஃபைன், ஃபைட் நான்கும் 'ஃபை' என்று ஒன்றாகிவிடும். மைன், மைல், மைஸ், மைட் எல்லாம் 'மை'. 'அவ்' என்று முடியும் அசைகளுக்கும் இதே கதி: கணினியில் ஓட்டும் மவுஸ் வெறும் 'மவ்' ஆகிறது, ஹவுஸ் 'ஹவ்' ஆகிறது. எழுத்தும் இதற்குத் துணைபோகிறது. ஃபைல், வைன் போன்ற இரவல் சொற்களைத் தாய்லாந்து எழுத்தில் எழுதும்போது கடைசி மெய்யை எழுதி, அதன் தலைமேல் 'தந்தகாட்' என்ற சிறு குறியைப் போடுவார்கள். 'இந்த எழுத்தை ஒலிக்காதே' என்பது அதன் பொருள். எழுத்து கண்ணுக்குத் தெரியும், ஆனால் தாண்டிப் போகக் கண் பழகியிருக்கும். ஆங்கிலப் புத்தகத்தில் குறியே இல்லாத சொல்லைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் வேலை செய்யும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். பன்மைக்கு எஸ். 'அவன் போகிறான்' என்பதற்கு வினையில் எஸ். உடைமைக்கு எஸ். இறந்தகாலத்துக்கு ஈடி. 'ஐ வில்' சுருங்கி 'ஐல்', 'ஹீ இஸ்' சுருங்கி 'ஹீஸ்'. எல்லாமே சொல்லின் கடைசி மெய். 'வாக்' என்ற வினையின் இறந்தகாலம் 'வாக்ட்'. இரண்டு மெய் அடுத்தடுத்து முடிகிறது. தாய்லாந்து வாயில் முதல் மெய்யோடு கதவு மூடிவிடும். 'கேட்' என்பதன் பன்மையும் அதே இடத்தில் சிக்கும். மாணவனுக்கு இலக்கணம் தெரிந்திருந்தும் வாய் அதை வெளியே விடாமல் இருக்கலாம்.

இதில் ஆபத்தானது 'கேன்', 'கேன்ட்' இணை. கடைசி 'ட்' விழுந்துவிட்டால் 'முடியும்' என்பதும் 'முடியாது' என்பதும் ஒன்றாகிவிடும். மருந்துக்கடையிலும் விமான நிலையத்திலும் இது வெறும் உச்சரிப்புப் பிரச்சினை இல்லை. தொடக்க நிலையில் சுருக்க வடிவத்தைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். 'கேனாட்' என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள். அதில் 'னாட்' தனி அசையாக நின்று 'இல்லை' என்பதைக் காப்பாற்றிவிடும்.

அதனால் முதல் வாரத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து வாக்கியங்களை மாணவர் எழுதட்டும், அதே பத்தை வாயால் சொல்லட்டும். எழுத்தில் எஸ், ஈடி இருந்து பேச்சில் இல்லை என்றால் கோளாறு வாயில். எழுத்திலும் இல்லை என்றால் கோளாறு இலக்கணத்தில். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வாயில் கோளாறு உள்ளவருக்கு இலக்கணப் பாடத்தை மறுபடி மறுபடி நடத்துவதால்தான் 'மறுநாள் பழையபடி' ஆகிறது.

வாய்க்கான பயிற்சி இப்படி. தாய்லாந்து மொழியில் ஸ, ஃப, ல எல்லாம் சொல்லின் முதலில் தாராளமாக வரும். ஆகவே அந்த ஒலிகளைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். உயிரில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேருங்கள்: 'பஸ் இஸ்' என்பதை 'ப-ஸிஸ்' என்று பிரிக்கச் சொல்லுங்கள். 'ஸி' அவர்களுக்கு எளிது. 'ஃபீல் இட்' என்பதை 'ஃபீ-லிட்' என்றும், 'மைன் இஸ்' என்பதை 'மை-நிஸ்' என்றும் சொல்லட்டும். இது வந்ததும் பின்சொல்லின் உயிரை மெல்ல, கிசுகிசுப்பாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது கட்டத்தில் பின்சொல்லை மனத்துக்குள் மட்டும் வைத்துக்கொண்டு 'பஸ்ஸ்ஸ்' என்று ஒலியை இரண்டு நொடி இழுத்து நிறுத்தட்டும். இழுப்பதைக் குறைத்தால் சொல் கிடைத்துவிடும். 'மைல்' போன்றவற்றுக்கு 'மை-யெல்' என்று இரண்டு அசையாக உடைத்தால் இருக்கைப் பிரச்சினை தீர்கிறது, ஆங்கிலக் காதுக்கும் அது தவறாகக் கேட்காது. 'வாக்ட்' கூட இப்படித்தான்: 'வாக்ட் இன்' என்பது 'வாக்-டின்'.

பயிற்சிக்கு முன் காது. பஸ், பட் இரண்டையும் கலந்து சொல்லி, எஸ் கேட்டால் ஒரு விரல், ட் கேட்டால் இரண்டு விரல் காட்டச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டு சரியாக வரும்வரை வாயைத் திறக்கச் சொல்ல வேண்டாம். வேறுபாடு கேட்காத காது தன் வாயைத் திருத்தாது.

இறுதி ஒலிகளிலேயே விட்டுவிடலாம் என்று நான் சொல்வதும் ஒன்று உண்டு: ப், ட், க் ஆகியவற்றின் குரலொலி வடிவங்கள், அதாவது தொண்டை அதிர ஒலிப்பவை. முதுகைக் குறிக்கும் 'பேக்', பையைக் குறிக்கும் 'பேக்' என்ற இணையில் கடைசி ஒலியை அதிரச் செய்ய மாணவர்களைப் பாடுபடுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் பையின் 'பேக்'கில் உயிரும் நீளும், முதுகின் 'பேக்'கில் குறுகும். குறில் நெடில் வேறுபாடு தாய்லாந்து மொழியின் உயிர்நாடி. மாணவர்களுக்குப் பிறப்பிலேயே கைவந்தது. பைக்கு நெடில், முதுகுக்குக் குறில் என்று சொன்னால் அன்றைக்கே வேறுபாடு வந்துவிடும். 'வெட்'-'வெயிட்', 'சிட்'-'சீட்' என்று எத்தனையோ இணைகளை இப்படித் தாய்மொழியின் கருவியாலேயே பிரித்துவிடலாம் என்று ஆசை வரும். ஆனால் இந்த உத்தி குரலொலி, குரலிலா ஒலி வேறுபாட்டுக்கு மட்டும்தான். 'லெட்', 'லேட்' போன்றவற்றில் ஆங்கில உயிரின் தன்மையே வேறு. அவர்கள் கேக்கை 'கேக்' என்று ஒரே நீளத்தில், ஒரே வாய்நிலையில் இழுப்பார்கள். ஆங்கிலத்தில் அது 'கெய்க்' என்று நழுவும். இது புரிதலைக் கெடுப்பதில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லின் முதலில் சிக்கல் குறைவு. 'ஸ்டாப்', 'ஸ்கூல்' என்பவை 'ஸ-டாப்', 'ஸ-கூன்' ஆகும். நாம் 'இஸ்கூல்' என்று முன்னால் உயிரைச் சேர்ப்போம், அவர்கள் நடுவில் செருகுவார்கள். ஸ்ஸ்ஸ் என்று நீட்டி, மூச்சு விடாமல் 'டாப்' என்று முடிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எஸ்ஸுக்குப் பின் வரும் ட், ப், க் மூச்சில்லாத ஒலிகள், அதாவது காற்றை வெளியே தள்ளாதவை. தாய்லாந்து மொழியில் மூச்சுள்ள ட், மூச்சில்லாத ட் இரண்டும் தனித்தனி எழுத்துகள், எனவே எந்த எழுத்து என்று சொன்னாலே போதும்.

இங்கே தமிழராகிய உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'கோல்ட்' (குளிர்) மூச்சோடு தொடங்குகிறது, 'கோல்ட்' (தங்கம்) மூச்சில்லாமல் தொடங்குகிறது. தாய்லாந்து மொழியில் 'குட்' (நல்ல) என்பதன் முதலொலி போன்ற அதிரும் 'க' கிடையாது. அந்த இடத்தில் மூச்சில்லாத 'க'வை வைத்துக்கொள்கிறார்கள். அதில் பெரிய குழப்பம் வருவதில்லை. ஆனால் தமிழர் நாக்கில் குளிரின் 'க'வும் மூச்சில்லாமல்தான் வரும். நீங்கள் குளிர் என்று நினைத்துச் சொல்வது வகுப்பில் தங்கமாகக் கேட்கும். வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, குளிருக்குத் தாள் ஆடும்படி, தங்கத்துக்கு ஆடாதபடி நீங்களே முதலில் பழகிக்கொள்ளுங்கள். அதேபோல நம் 'வ' இரண்டுங்கெட்டான். மதுவான வைனுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், கொடியான வைனுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தாய்லாந்து மொழியில் உதடு குவிக்கும் 'வ' மட்டுமே உண்டு. ஆசிரியரே இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் மாணவர் எங்கே போய்க் கற்பார்? அவர்களுக்கு 'ஃப' நன்றாக வரும். 'ஃப' சொல்லும்போதே தொண்டையை அதிர விட்டால் வேண்டிய ஒலி கிடைக்கும். 'ஸ'வை அதிர விட்டால் இசட். ஒரே உத்தி, இரண்டு ஒலி.

'ஷ' இல்லாததால் ஷேரும் சேரும் ஒன்றாகும், வாஷும் வாட்சும் கடைசியில் 'வாட்' ஆகிவிடும். 'ஸ'வைச் சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்து நாக்கைச் சற்றுப் பின்னால் இழுக்கச் சொன்னால் வந்துவிடும். 'திங்க்' என்பதில் நாக்கு நுனி பல்லுக்கிடையே உரசும் ஒலிக்கு மட்டும் மாதக்கணக்கில் நேரம் செலவிடாதீர்கள். அது தவறினாலும் பேச்சு புரியும். புக்கெட், தொன்புரி போன்ற ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது டிஎச் என்பது மூச்சுள்ள 'த'வையும், பிஎச் என்பது மூச்சுள்ள 'ப'வையும் குறிக்கும். டிஎச் பார்த்ததும் அவர்கள் 'த' என்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ர, ல குழப்பத்தைப் பற்றிப் பலரும் கேலியாகப் பேசுவார்கள், அது நியாயமில்லை. தாய்லாந்து மொழியில் இரண்டும் தனி எழுத்துகள், செய்தி வாசிப்பவர் இரண்டையும் தெளிவாகவே சொல்வார். அன்றாடப் பேச்சில் 'ர' தளர்ந்து 'ல' ஆகும். கூட்டெழுத்தில் மறைந்தே போகும்: மீனைக் குறிக்கும் 'ப்லா' 'பா' ஆகும், மரியாதைச் சொல்லான 'க்ரப்' 'கப்' ஆகும். அதனால்தான் ப்ளீஸ் 'பீட்' ஆகிறது. 'செய்தி வாசிப்பதுபோலப் பேசு' என்றால் பாதி திருந்தும். மீதிக்கு, ஆங்கில 'ர' சொல்லும்போது நாக்கு மேலே எங்கும் தொடக்கூடாது என்பதைக் காட்டிக் கொடுங்கள்.

அழுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் தனித்தனி ஒலிகள் சரியாக இருந்தும் பேச்சு புரியாமல் போவது இதனால்தான். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசி அசைக்கே அழுத்தம். சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களான தொனிகள் ஐந்து உண்டு, இரவல் சொல்லுக்கும் ஏதாவதொரு தொனி கிடைத்துவிடும். தெருமுனைக் கடையான செவன் இலெவனை அந்நாட்டில் எல்லோரும் 'சே-வென்' என்பார்கள். 'வென்' இறங்குதொனியில் ஓங்கி ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஓங்க வேண்டியது முதலசை. டீச்சர், டாக்டர், டேபிள் எல்லாவற்றிலும் இதே தலைகீழ். மாறாக 'அபவுட்', 'பொலீஸ்' போன்றவை அவர்களுக்குச் சுலபம்: சந்தையைக் குறிக்கும் 'தலாட்', மகிழ்ச்சியான அனுபவத்தைக் குறிக்கும் 'சனுக்' ஆகியவற்றில் முதலசை இப்படித்தான் தேய்ந்து ஒலிக்கும். தொல்லை கடைசி அசையைத் தேய்ப்பதில்தான். அதற்குத் தொனியையே பயன்படுத்துங்கள். 'டீ'யை நீட்டி இறங்குதொனியில், 'ச்ச' என்பதைக் குறுக்கித் தாழ்தொனியில் சொல்லச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். 'அழுத்து' என்று சொன்னால் குரலை மட்டும் உயர்த்துவார்கள்.

இப்போது எழுத்திலும் வராத இலக்கணம். தாய்லாந்து மொழியில் வினை உருமாறாது. காலம், எண், பால் எதற்கும் விகுதி இல்லை. நேற்று என்ற சொல்லே போதும், வினை அப்படியே நிற்கும். 'லேவ்' என்ற சொல் 'ஆயிற்று' என்று காட்டும். அதுதான் எல்லா இடத்திலும் 'ஆல்ரெடி' ஆகிறது. 'யெட்'டும் இப்படியே. 'கின் காவ் ரூ யங்' என்றால் 'சாப்பிட்டாச்சா, இல்லை இன்னுமா' என்று பொருள். 'ஈட் ரைஸ் ஆர் யெட்' என்று அது அப்படியே இறங்குகிறது.

இவற்றில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம், 'கேய்' என்ற சொல். 'ஒருமுறையாவது செய்திருக்கிறேன்' என்ற அனுபவத்தைக் காட்டுவது. 'சன் கேய் பை யீபுன்' என்றால் 'நான் ஜப்பானுக்குப் போயிருக்கிறேன்'. அகராதி 'கேய்' என்பதற்கு 'எவர்' என்று பொருள் தருகிறது. மாணவர் 'ஐ எவர் கோ டு ஜப்பான்' என்கிறார். ஆங்கிலத்தில் 'எவர்' கேள்வியில் நிற்கும், சாதாரண வாக்கியத்தில் இப்படி நிற்காது. அகராதி பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது. கற்றுத்தரும் முறை: மூன்று வரி எழுதுங்கள். கேள்வியில் 'கேய்' வந்தால் 'ஹேவ் யூ எவர் பீன்'. ஆமாம் என்றால் 'ஐ ஹேவ் பீன்', எவர் கிடையாது. 'மை கேய்' என்று மறுத்தால் 'ஐ ஹேவ் நெவர் பீன்'. மூன்றையும் தாய்லாந்து வாக்கியத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விதி சொல்லாமலே மாணவருக்குப் பிடிபடும்.

'மீ' என்ற சொல்லும் இப்படித்தான். 'நை ஹொங் மீ கொன் சிப் கொன்': அறைக்குள், உண்டு, ஆள், பத்து, ஆள். 'மீ' உடைமையையும் காட்டும், இருப்பதையும் காட்டும். அதனால் 'இன் ரூம் ஹேவ் டென் பீப்பிள்'. உடையவர் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆள் இருந்தால் 'ஹேவ்', வெறும் இடம் மட்டும் இருந்தால் 'தேர் இஸ்', 'தேர் ஆர்'. அந்த வாக்கியத்தின் கடைசி 'கொன்' வகைச்சொல், அதாவது எண்ணோடு சேர்ந்து எண்ணப்படுவது எந்த வகை என்று காட்டும் சொல். எண்ணிக்கையை எண்ணும் வகைச்சொல்லும் தாங்கிக்கொள்வதால் பெயர்ச்சொல் பன்மையாக வேண்டிய தேவையே அங்கே இல்லை.

பெயரடை தாய்லாந்து மொழியில் வினைபோல நடக்கும். 'சன் ஹியூ' என்றால் 'நான் பசி', நடுவில் வேறொன்றும் இல்லை. 'ஐ ஹங்க்ரி' அப்படி வருவது. அதைத் திருத்தியதும் மாணவர் பயந்துபோய் எல்லா இடத்திலும் 'ஆம்' போட்டு 'ஐ ஆம் கோ', 'ஐ ஆம் லைக்' என்பார். இது முன்னேற்றத்தின் அறிகுறி, கடிந்துகொள்ளாதீர்கள். 'காவ்' என்ற ஒரே சொல் அவன், அவள் இரண்டுக்கும் வருவதால் ஹீ, ஷீ தடுமாறும்; நம் 'அவர்' போலத்தான். 'ஆல்தோ' என்று தொடங்கியதும் நடுவில் 'பட்' வருவது, 'பிகாஸ்' என்று தொடங்கியதும் 'சோ' வருவது, இரண்டும் அவர்கள் மொழியில் இணையாகவே வரும் சொற்கள்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதில் கவனமாக இருங்கள். 'நீ வரவில்லையா?' என்று கேட்டால் அவர்கள் 'ஆமாம்' என்றால் வரவில்லை என்று பொருள். தமிழிலும் அதே பொருள், ஆகவே உங்கள் காதுக்கு அதில் பிழையே தெரியாது. ஆங்கிலத்தில் எதிர்ப்பொருள். கேள்வியை மறந்துவிட்டு நடந்ததை மட்டும் பார்த்து, நடந்தால் 'எஸ்', நடக்காவிட்டால் 'நோ' என்று பழக்குங்கள்.

தாய்மொழி உதவும் இடங்களையும் கைவிடாதீர்கள். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை ஆங்கிலத்தைப் போலவே இருக்கிறது. 'வந்த ஆள்' என்று நாம் முன்னால் வைப்பதை அவர்கள் 'ஆள், யார் வந்தாரோ' என்று ஆங்கிலம்போலப் பின்னால் வைப்பார்கள். 'இன்ட்ரஸ்டட்', 'இன்ட்ரஸ்டிங்' குழப்பத்துக்கு அவர்கள் மொழியிலேயே விடை இருக்கிறது: 'ஸொன்சை' என்றால் ஆர்வம் கொள்வது, 'நா ஸொன்சை' என்றால் ஆர்வமூட்டுவது. 'க்லுவா' பயப்படுவது, 'நா க்லுவா' பயமூட்டுவது. 'நா' வருகிற இடத்தில் ஐஎன்ஜி போடு என்றால் ஒரு வகுப்பில் முடிந்துவிடும். பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் பக்கம் பக்கமாகப் பயிற்சி தருவது வீண்.

சொற்பொருளில் இரவல் சொற்களே பொறி. அவர்கள் 'ஃபேன்' என்றால் காதலன், காதலி, கணவன், மனைவி யாராகவும் இருக்கலாம். 'சீரியட்' என்றால் மன இறுக்கத்தில் இருக்கிறார் என்று பொருள். உடம்பைப் பிடிக்கும் சட்டை 'ஃபிட்'. 'தியாவ்' என்பது வெளியே சுற்றப் போவது. அதனால் நண்பரோடு கடைத்தெருவுக்குப் போனாலும் 'கோ டிராவல்' என்பார்கள்.

மரியாதையும் மொழியோடு சேர்ந்தது. ஆண் 'க்ரப்' என்றும் பெண் 'கா' என்றும் வாக்கிய முடிவில் சேர்த்தால்தான் பேச்சு பணிவாக இருக்கும். ஆங்கிலத்தில் அது இல்லாதது மொட்டையாகத் தோன்றுவதால் 'தேங்க் யூ கா' என்பார்கள். அதைத் திருத்த வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் கடையில் 'அவ் காஃபே' என்பதை 'ஐ வான்ட் காஃபி' என்று மாற்றினால் ஆங்கிலக் காதுக்கு அதட்டலாகக் கேட்கும். அவர்களிடமே 'கோ' என்று தொடங்கும் பணிவான வடிவம் இருக்கிறது. 'கோ' என்றால் 'கேன் ஐ ஹேவ்' என்று இணைத்துவிடுங்கள். குடும்பப்பெயர் தாய்லாந்தில் 1913இல்தான் சட்டப்படி வந்தது. இன்றும் முதற்பெயரால்தான் அழைப்பார்கள், 'மிஸ்டர்' என்பதையும் அதன் முன்னாலேயே வைப்பார்கள். உங்களையும் பெயர் சொல்லாமல் 'டீச்சர்' என்றே கூப்பிடுவார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை.

எழுத்தில், தாய்லாந்து மொழி சொற்களுக்கிடையே இடம் விடாது, பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது, முற்றுப்புள்ளியும் இல்லை. இடைவெளி வந்தால் ஒரு தொடர் முடிந்தது என்று பொருள். அதனால் பத்தி முழுக்க ஒரே வாக்கியமாக ஓடும். வினைகளை அடிக்கோடிடச் சொல்லி, இரண்டு வினைக்கு நடுவில் இணைப்புச்சொல் இல்லையென்றால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பாடத்திட்டத்தில் ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே இருக்கிறது. 2014இல் வைத்த இலக்கு, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஆறாம் வகுப்பு முடிவில் ஏ1 என்ற தொடக்க நிலை, ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஏ2, பள்ளி முடிவில் பி1. ஆக உங்களிடம் வருபவருக்கு இலக்கணச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். என் வரிசை இது: முதல் நான்கு வாரம் ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் சொல்லிறுதி மட்டும், எஸ், பிறகு எல், பிறகு 'ஐ'க்குப் பின் வரும் மெய். ஐந்தாம் வாரம் முதல் அதே பத்து நிமிடத்தில் பன்மை எஸ், ஈடி. அழுத்தத்தைத் தனிப் பாடமாக்காமல் புதுச் சொல் வரும்போதெல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். 'கேய்', 'மீ' போன்றவை தவறு நேரும் அன்றைக்கே. மாணவர் வடகிழக்கிலுள்ள ஈசான் பகுதிக்காரர் என்றால் அவர் வீட்டில் பேசுவது லாவோஸ் நாட்டு மொழியான லாவோவுக்கு நெருங்கியது. அங்கே மத்திய தாய்லாந்தின் மூச்சுள்ள 'ச்ச' 'ஸ' ஆக ஒலிக்கும். அவருக்கு 'சேர்' என்ற சொல்லின் முதலொலியையும் கூடவே கவனிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு பழக்கம். ஆங்கில வரிக்கடியில் தாய்லாந்து எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொள்வதுபோல. எழுதியதைப் படிக்கும்போது எட்டு அம்மாக்களின் விதி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் ஸ எழுதியிருந்தாலும் 'ட்' என்றே படிப்பார்கள். முழுதாகத் தடைசெய்தால் ஒளித்துவைத்து எழுதுவார்கள். எழுதட்டும், ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசி மெய்யை மட்டும் ஆங்கில எழுத்திலேயே, சிவப்பு மையில் எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்போது அந்த எழுத்துக்கு எந்த அம்மாவின் விதியும் பொருந்தாது, கண் அங்கே நின்றுதான் போகும்.